ரைலியின் சாவி

கயானி என்ற வடகோடி ஊரில் காகித ஆலையை மூடிய பிறகு அந்தக் கட்டடத்தில் கணினிகளைக் குடிவைத்தார்கள். மதியமே இருட்டிவிடும் டிசம்பரில் நானும் எர்க்கியும் அங்கே கன்டெய்னர் போடப் போனோம். ஒரே கணினிக்குள் தடுத்துக் கட்டிய சின்ன அறைகள்தான் கன்டெய்னர்கள். தூரத்திலிருந்து நுழைய ஆளுக்கொரு ரகசியச் சாவி.

புது அறைக்குள் முதல்முறை போகும்போது திரை கேட்கும்: ‘இந்த இடம் எனக்குத் தெரியாது, தொடரவா?’ அதை நின்று படிப்பவன் எங்கள் தொழிலில் கிடையாது. எர்க்கி காபியை உறிஞ்சிக்கொண்டே ‘ஆம்’ தட்டினான்.

உள்ளே ஏற்கெனவே ஒருத்தி இருப்பதாகத் திரை பெயர் காட்டியது.

ரைலி.

"அவளோட பழைய சாவி எங்கயோ ஒட்டிக்கிட்டிருக்குடா," என்றான் எர்க்கி.

ரைலி எங்களோடு வேலை பார்த்தவள். ஆஸ்பத்திரிக் கோப்புகள் அழிந்தபோது, அவள் சாவியில்தான் யாரோ நுழைந்திருந்தார்கள். "நான் இல்ல!" என்று கதறினாள். "சாவி உன்னோடதுதானே?" என்று கேட்டவன் எர்க்கி. அந்த வாரமே அவள் உருகும் ஏரிப் பனிமேல் நடந்து போனாள்; திரும்பவில்லை.

எர்க்கி அறையை அழித்தான். புதிதாகக் கட்டினான். ‘ஆம்.’

ரைலி.

மறுபடி அழித்தான். மறுபடி ரைலி. பாசி நாற்றம் அடித்தது. விசைப்பலகையின் இடுக்குகளில் தண்ணீர் கசிந்தது.

திரையில் எழுத்துகள் தானாக விழுந்தன: ‘சொல்லு.’

"ஆஸ்பத்திரிக் கோப்பையெல்லாம் நான்தான் கை தவறி அழிச்சிட்டேன் ரைலி," என்று கிசுகிசுத்தான். "உன் சாவியில நுழைஞ்சிருந்தேன். பழி உன்மேலயே போகட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "இதை மேனேஜர் மர்யத்தாகிட்ட போய்ச் சொல்லுடா!"

"உனக்கென்ன பைத்தியமா? என் வேலை போயிடும்."

வரிசை வரிசையாகக் கணினிகளின் விளக்குகள் அணைந்தன.

மர்யத்தா ஓடி வந்தபோது எல்லா அறைகளும் காலி. அழித்த சாவி எர்க்கியுடையது என்று பதிவு காட்டியது.

"நான் இல்ல! சத்தியமா நான் இல்ல!"

"சாவி உன்னோடதுதானே?" என்றாள் மர்யத்தா.

தன்வினை தன்னைச் சுட்டது. எனக்கு இரக்கமே வரவில்லை. கேட்டதையெல்லாம் அவளிடம் சொன்னேன். ரைலியின் பெயர் துலங்கியது, எர்க்கியின் வேலை போனது. ரைலி போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

நேற்று எர்க்கி கூப்பிட்டான்.

"புது போன்டா. தொறந்ததும் அதே கேள்வி. தொடரவான்னு."

"இல்லைன்னு தட்டித் தொலை."

"தட்டினேன்டா," என்று அழுதான். "உள்ள வந்துட்டா."

அவன் குரலுக்குப் பின்னால் பனி விரிசல்விடும் சத்தம் கேட்டது.