வின்சென்சா இருந்த தானிய அறை

திங்கட்கிழமைகளில் அந்தப் பண்ணைவீட்டு அருங்காட்சியகத்துக்குப் பார்வையாளர்கள் வருவதில்லை. கூட்டித் துடைக்கிற நாள் அது. அமலினி சிசிலியின் பகேரியாவில் ரயிலை விட்டிறங்கி, பஸ் பிடித்து, எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே கடைசித் தரிப்பில் இறங்கியபோது பன்னிரண்டு மணியாகிவிட்டது. ஆபிரிக்கப் பக்கமிருந்து வீசும் ஷிரோக்கோ காற்று மூன்று நாளாக ஓயவில்லை. வானம் செங்கல் தூளின் நிறத்தில் கிடந்தது.

அவளுடைய தோள்பைக்குள் ஒரு காகிதப் பொட்டலம். மூன்று செத்தல் மிளகாய், ஒரு பிடி கல்லுப்பு. மகள் றெபேக்காவுக்குக் கண்பட்டதென்று விடியற்புறம் தலையைச் சுற்றிக் கழித்த நாவூறு.

ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பதினொரு நாளாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. நேற்றிலிருந்து அவள் தண்ணீரைக்கூட விழுங்க மறுத்தாள். உதடு வெடித்துப் போயிருந்தது. மேல்வீட்டுக் கிளறா அக்காதான் காதோடு காதாகச் சொன்னாள்.

"பங்குச் சுவாமியாருக்குத் தெரியவேண்டாம். இது நாவூறுதான். கழிச்சு எரிச்சுவிடு. ஒரு பொட்டு மிஞ்சாமல் சாம்பலாகோணும். பாதியிலை அணைஞ்சுதெண்டால் பட்டது திரும்பப் பிள்ளையிட்டைத்தான் வரும்."

எரிப்பதற்குத்தான் இடமில்லை. பல்லரோச் சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில் அவர்களுடைய வீடு. அங்கே மின்னடுப்புத்தான். போன வருசம் கிளறா அக்கா பல்கனியில் மிளகாய் எரிக்கப்போய், கீழே மீன் விற்கிறவர்கள் இருமி இருமித் தீயணைப்புக்காரரையே கூப்பிட்டுவிட்டார்கள். அப்போதுதான் அமலினிக்குப் பண்ணைவீட்டுக் குசினி நினைவுக்கு வந்தது. ஞாயிறுகளில் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழைய முறையில் பாண் சுட்டுக் காட்டுவார்கள். மறுநாள் மத்தியானம்வரை சாம்பலுக்கடியில் தணல் உயிரோடு கிடக்கும். அதை அள்ளுவது அவளுடைய வேலை.

பிள்ளையைக் கிளறா அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

வாசலில் காவலாளி அலோசியஸ் கதிரை போட்டு இருந்தார். நெடுந்தீவுக்காரர்; வாய் சும்மா இராது.

"என்ன பிள்ளை, முகம் விலைபோகாத மீன் மாதிரிக் கிடக்கு? மகள் எப்பிடி?"

"அப்பிடியேதான் அண்ணை."

"வீட்டை நிண்டிருக்கலாமே. அமலினியை எங்கட சூனியக்காரி பிடிச்சுக்கொண்டு போட்டாளெண்டு பொறுப்பாளர் சிஞ்ஞோராவுக்கு நான் சொல்லியிருப்பன்."

அவள் சிரிக்காமல் உள்ளே போனாள்.

குசினியில் ஆளுயர அடுப்பு. அதை ஒட்டித் தானிய அறை. தடித்த ஒலிவ்மரக் கதவு, வெளியே இரும்புத் தாழ்ப்பாள், கீழே பூனை நுழையுமளவு ஒரு துவாரம். பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த பலகையை இரண்டு வருசமாகத் துடைத்துத் துடைத்து, அதிலிருந்தது அவளுக்கு மனப்பாடம். ஸ்பானியர் சிசிலியை ஆண்ட காலம். வின்சென்சா இந்தப் பண்ணையில் வேலை செய்தவள். பிள்ளைகளின் காய்ச்சலை உப்பும் எண்ணெயும் வைத்து இறக்குவாள். அது பேயோடு செய்த உடன்படிக்கை என்றது திருச்சபையின் விசாரணை மன்றம். பிள்ளைகளைக் கொண்டுவந்த தாய்மாரின் பெயரைக் கேட்டு, அவளை இந்த அறையில் போட்டுப் பூட்டி, துவாரத்தால் வைக்கோல் புகையை ஏற்றினார்கள். மூன்று நாள். அவள் ஒரு பெயரும் சொல்லவில்லை. நாலாம் நாள் கேட்பதற்கு அவள் உயிரோடிருக்கவில்லை.

அமலினி சாம்பலைக் கிளறினாள். தணல் கண் விழித்தது. ஒரு கை பாதாம் கோதைப் போட்டு ஊதி, பொட்டலத்தை அதன்மேல் வைத்தாள்.

உப்பு வெடித்தது. மிளகாய் கறுத்துச் சுருண்டது.

மணமே இல்லை.

மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தாள். வீடே இருமவேண்டிய நெடி, ஒரு துளியும் இல்லை. மிளகாய் மணக்காவிட்டால் பட்ட கண் பொல்லாதது என்பது அவளுக்குத் தெரியும். அப்போதுதான் கவனித்தாள்: புகை, புகைக்கூண்டு வழியே மேலே போகவில்லை. தரையோடு தரையாக இறங்கி, மெல்ல ஊர்ந்து, தானிய அறைக் கதவின் துவாரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே யாரோ இருமினார்கள்.

அவள் அசையவில்லை.

முற்றத்தில் அலோசியஸ் தொலைபேசியில் கதைப்பது தெளிவாகக் கேட்டது. இருமியது அவரில்லை.

மறுபடி இருமல். நெஞ்சைக் கிழிக்கிற, வறண்ட இருமல். கதவின் அடிப்பக்கத்தை நகங்கள் பிறாண்டின. பிறகு ஒரு பெண்ணின் கரகரத்த குரல், சந்தைக் கிழவிகளின் சிசிலியப் பேச்சில், ஒரேயொரு சொல்.

"சொல்லமாட்டன்."

உள்ளே இருப்பவள் கேள்விக்குப் பதில் சொல்கிறாள். யார் கேட்ட கேள்வி? இந்தப் புகையை மூட்டியது யார்?

இரண்டு மிளகாய் சாம்பலாகிவிட்டன. மூன்றாவது பாதியில் சிவந்து நின்றது. இன்னும் ஒரு நிமிசம் போதும். றெபேக்காவின் வெடித்த உதடு கண்முன் வந்தது. காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். பொத்திய கைக்குள்ளும் கேட்டது. இருமல் சிறுத்து, சிறுத்து, விக்கலாகி, விக்கலுக்கும் விக்கலுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது.

"மாதாவே, என்ரை பிள்ளை," என்றாள்.

துடைக்க வைத்திருந்த வாளித் தண்ணீரை அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள்.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டரை காட்டியது. தொடக்கூடாதென்று சொல்லப்பட்ட தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்தாள். கதவு திறந்தது. உள்ளே தானியம் அளக்கும் பழைய மரக்காலும் காட்சிக்கு வைத்த வைக்கோலும். ஆளில்லை.

ஒரு மூச்சுமட்டும் அவள் கன்னத்தை உரசிக்கொண்டு வெளியே போனது. அவ்வளவு நேரமும் மணக்காத மிளகாய் நெடி முழுவதும் அந்த ஒற்றை மூச்சில் இருந்தது. அவள் கண்ணீர் வழிய, மூச்சுத் திணறிச் சுவரில் சாய்ந்தாள்.

அலோசியஸ் ஓடிவந்தார். "ஐயோ, என்ன வேலை பிள்ளை செய்தனீர்? ஏன் அதைத் திறந்தனீர்?"

"என்ரை பிள்ளையை நானே கொன்றுபோட்டன் அண்ணை," என்று சொல்லிவிட்டு அவள் தெருவுக்கு ஓடினாள்.

பஸ்ஸிலும் ரயிலிலும் கிளறா அக்காவைத் திரும்பத் திரும்ப அழைத்தாள். பதிலில்லை. பல்லரோவில் கடைகளை இடித்துக்கொண்டு ஓடி, மாடிப்படியில் கால் வைத்தவள் நின்றுவிட்டாள்.

முதல் மாடியில் எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தன. இரண்டாம் மாடியிலும். ஒரு சிசிலியக் கிழவர் திறப்புக் கோர்வையை ஆட்டி, பூட்டிவிட்டுத்தான் போனதாக அயல்வீட்டுக்காரியோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடியில் அவளுடைய வாசலும் விரியத் திறந்திருந்தது.

கிளறா அக்கா கோப்பையோடு வெளியே வந்தாள்.

"மெல்லமா வா. இப்பத்தான் நித்திரையானவள். காய்ச்சல் விட்டிட்டுது! பன்னிரண்டரைபோலை வேர்த்துக் கொட்டிச்சுது. கஞ்சியும் குடிச்சவள். ஃபோனை மேலை விட்டிட்டன், குறை நினையாதை." குரலைத் தாழ்த்தினாள். "முழுக்க எரிச்சனியே?"

அமலினி அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கதவுகள்தான் கரைச்சல்," என்றாள் கிளறா அக்கா. "எத்தினைதரம் சாத்தினாலும் நிக்குதில்லை. காத்தாக்கும்."

காற்று விழுந்து வெகுநேரமாகியிருந்தது. யன்னல் சீலை அசையவில்லை.

அமலினி உள்ளே போய் மகளின் நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். கீழே மீன்காரன் விலை கூவத் தொடங்கினான். பிள்ளை எழும்பிவிடுமென்று, எட்டி அறைக் கதவைச் சாத்தினாள். ஒரு சாண் இடைவெளிவரை அது வந்தது. அதற்குமேல் வரவில்லை.

மறுபக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.

பிறகு, உள்ளே குழந்தை தூங்குவது தெரிந்த ஒருவர் தள்ளுவதுபோல, ஓசைபடாமல், மெல்ல மெல்ல, கதவு அவள் கையோடு சேர்ந்து பின்னால் வந்து சுவரைத் தொட்டு நின்றது.