பச்சை எச்சில்

சனிக்கிழமை அந்திக்குக் கரண்ட் போனது. பல் விளக்கிக்கொண்டிருந்த பிலோமி இருட்டிலேயே துப்பினாள். துப்பியது தெரிந்தது.

பேசினுக்குள் நுரை, மின்மினிக்குஞ்சு ஒன்று குளிக்க இறங்கியதுபோல் பச்சை வெளிச்சத்தோடு ஓட்டையை நோக்கி நகர்ந்தது. ஜன்னல் வழியே எண்ணூர்ச் சாம்பலும் காசிமேட்டுக் கருவாடும் சரிபாதியாய்க் கலந்த காற்று வந்தது. துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள் அத்தனையும் அவள் வீட்டு வாசலிலேயே ஆரன் அடித்தன. ஆனாலும் அவளுக்குக் கேட்டதெல்லாம் அந்த எச்சில் குழாயில் இறங்கும் சத்தம் ஒன்றுதான்.

காலடிப்பேட்டையில் ஒரு பல் ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் உதவியாளர். வாயில் வாழும் கிருமியின் மரபணுவை வெட்டி, ஒளிரும் மரபணு ஒன்றை ஒட்டி, கிருமிகள் எப்படிக் கூட்டம் சேர்கின்றன என்று பார்ப்பது அங்கே வேலை. தனியே கிடந்தால் இருட்டு. போதுமான கூட்டம் சேர்ந்துவிட்டால் எல்லாம் ஒன்றாக எரியும்.

புதன்கிழமை, கண்ணாடிக் குழாயில் திரவம் இழுக்கும் ரப்பர் பல்பு கிழிந்திருந்தது. ராயபுரத்து ரத்தப் பரிசோதனைக் கடையில் பதினைந்து வருஷம் வாயாலேயே இழுத்து, ஒரு குளத்தையே அளந்து முடித்தவள் பிலோமி. யாரும் பார்க்கவில்லை. உதட்டில் வைத்து உறிஞ்சினாள். ஒரு சொட்டு நாக்கைத் தொட்டது. உப்புத் தண்ணீரில் நாற்பது முறை கொப்பளித்தாள். சொன்னால் வேலை போய்விடும். சொல்லவில்லை.

கரண்ட் வந்தது. அந்தக் கிருமியை உருவாக்கிய தாஹிராவுக்குப் போன் போட்டாள்.

"மேடம், அந்த வெளக்குக் கிருமி வாய்ல பூந்துட்டா, மாத்திர போட்டா சாவுமா?"

"வழக்கமான மருந்துக்குச் சாகாதுக்கா. மரபணு ஒட்டுனது எது, ஒட்டாதது எதுன்னு பிரிக்கத்தானே மருந்தைத் தாங்குற மரபணுவையும் சேர்த்தோம்?" குரல் தாழ்ந்தது. "யார் வாய்ல? அக்கா, நீங்க யாருக்கும் முத்தம் கொடுக்கலியே?"

போனை வைத்தாள்.

நேற்று பெரிய வெள்ளி. கோயிலில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தை அவள் முத்தி செய்திருந்தாள். உபதேசியார் ஜார்ஜ் ஒவ்வொரு முத்தத்துக்குப் பிறகும் பாதத்தைப் பொறுப்பாகத் துடைத்தார். ஒரே துணியால். அவளுக்குப் பின்னால் இலங்கை வரைக்கும் வரிசை.

கணவன் ஜெரால்டும் முத்தி செய்தான். எட்டு வருஷம் வேண்டிப் பிறந்த மகள் சாரா மட்டும் அவன் தோளில் தூங்கிவிட்டாள்.

"சாரா, வாயத் தொற." போர்வைக்குள் இழுத்துப் பார்த்தாள்.

"நானு சாக்லேட்டு துன்னலம்மா."

இருட்டு. நல்ல, சுத்தமான இருட்டு.

"இன்னாடி, பொண்ணு பாக்கவா வராங்க? பாஸ்கா பூசை ஆரம்பிச்சுடும், வா!" என்றான் ஜெரால்ட்.

"நான் வர்ல. புள்ளயும் வாணாம்."

"பேஜாரு பண்ணாத." குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

பூசை முடிந்தால் ஊரே சாராவைக் கொஞ்சும். வாரி எடுத்து முத்தம் கொடுக்கும். பிலோமி செருப்பில்லாமல் ஓடினாள்.

கோயிலில் அவனிடமிருந்து குழந்தையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மெழுகு வாசனை, மல்லிகை, ஆயிரம் பேர் வியர்வை. அதற்கும் அடியில் இரும்பை நக்கியது போன்ற ஒரு வாடை, அது தன் மூச்சா பக்கத்து வரிசையின் மூச்சா என்று அவளுக்குத் தெரியவில்லை. வருஷா வருஷம் செய்வதுபோல் விளக்குகளை எல்லாம் அணைத்தார்கள். சாமியார் வாசலில் பாஸ்கா மெழுகுதிரியை உயர்த்திப் பாடினார்.

பதில் பாட வாய்கள் திறந்தன.

முதலில் ஒன்று. பிறகு பத்து. பிறகு பலிபீடம் வரை.

பச்சை.

பற்கள் தெரிந்தன. முகங்கள் தெரியவில்லை. பாட்டு நின்றது. வாய்கள் மூடவில்லை. ஒன்றாக அணைந்தன. ஒன்றாக எரிந்தன.

சாரா கை தட்டினாள். "ஐ! எனக்கு மட்டும் ஏம்மா இல்ல?"

அத்தனை வாய்களும் அவள் பக்கம் திரும்பின.

முத்தத்துக்குக் குவிந்தன.

பிலோமி உள்ளங்கையால் குழந்தையின் உதட்டைப் பொத்தினாள். அந்தக் கைமேல் பச்சை விழுந்தது. மிக அருகிலிருந்து. கத்த நினைத்தாள். நாக்கு அவள் பேச்சைக் கேட்கவில்லை. கை தானாகவே மெல்ல விலகியது.

எல்லோருக்கும் முன்னால் குனிந்தது அவள் வாய்தான்.