முப்பத்தோராம் கழி

விமானம் யூலுட்டையும் நிவியையும் பனிவெளியில் இறக்கிவிட்டுப் போனது. குடிசைக் கதவைப் பாதிக்குமேல் பனி மூடியிருந்தது. யூலுட் வெட்டித் தள்ளித் திறந்தான். உள்ளே, கடந்த செப்டம்பரின் காப்பி வாசனை அப்படியே நின்றது.

காலிக் கட்டிலில் நிவி பையை வைத்தாள். அது அவள் அண்ணன் மினிக்கின் கட்டில். செப்டம்பரில் பனிமூட்டத்தில் வெளியே போன மினிக் திரும்பவேயில்லை. அவன் வேலையைத்தான் இவள் கேட்டு வாங்கியிருந்தாள்.

பனியில் நாற்பது கழிகள் வரிசையாக நடப்பட்டிருக்கும். மேலே தெரியும் நீளத்தை அளந்தால் சேர்ந்த பனி தெரியும். அளப்பவன் கழியின் எண்ணைக் கூவ வேண்டும். நோட்டுக்காரன் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். பதில் வராமல் அடுத்த கழிக்கு நகரக் கூடாது.

"இந்தக் கசாயத்தக் குடிச்சுத்தான் மினிக் மெலிஞ்சானா, யூலுட் அண்ணே?"

யூலுட் போட்ட காப்பியைத்தான் நிவி கேலி செய்தாள். அவன் சிரிக்கப் பார்த்தான்.

பனி நிரப்பி வாசலில் வைத்திருந்த தட்டை மறுநாள் எடை போட்டார்கள். ஆறு கிராம் குறைவு. உருகாமல், சொட்டாமல், அத்தனை பனி காற்றோடு போயிருந்தது. அது வழக்கம். ஆனால் அடுப்பு எரிந்துகொண்டிருக்க, மினிக்கின் கட்டிலருகே வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே எட்டு காட்டியது.

மதியம் மூட்டம் இறங்கியது. வானமும் தரையும் ஒன்றாயின. நிழல்கூட விழவில்லை.

வெளியே யாரோ எண்ணினார்கள்.

"இருபத்தொன்பது... முப்பது..."

பிறகு மௌனம்.

"முப்பத்தொண்ணு?"

நிவிக்குக் கேட்கவில்லை. யூலுட்டுக்குக் கேட்டது; மினிக்கின் குரல்.

செப்டம்பரில் மினிக் காய்ச்சலில் கிடந்தபோது இவன் தனியாக அளக்கப் போனான். கால்வலி. முப்பதோடு திரும்பி, மிச்சப் பத்தையும் அடுப்படியில் உட்கார்ந்து மனம்போல எழுதினான். முப்பத்தொன்று, தொண்ணூறு சென்டிமீட்டர். இரண்டு நாள் கழித்து மினிக் கடைசிக் கழியருகே இருக்கும் வெப்பமானிப் பெட்டியைப் பார்க்கக் கிளம்பினான். மூட்டத்தில் கழிக்குக் கழி நடந்தவன், முப்பதைத் தாண்டியதும் தொலைந்தான். முப்பத்தொன்று முழுக்கப் புதைந்திருந்ததை, தேடப் போனபோதுதான் யூலுட் கண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

நிவி தொப்பியை இறுக்கிக் கட்டினாள். பெட்டியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

"நோட்டு இருக்கே. கழியப் புடிச்சே போயிடுவேன்."

கதவு திறந்தது.

"முப்பத்தொண்ணு?"

இப்போது வாசலருகே.

"போகாத, நிவி. முப்பத்தொண்ணு அங்க இல்ல. நான் பாக்காமலே எழுதினேன்."

அவள் கை கதவிலேயே இருந்தது.

"மினிக் அதை நம்பித்தான் போனானா?"

"ஆமா."

அவள் கதவைச் சாத்தினாள். நோட்டை விரித்து, தொண்ணூறை அடித்து, பென்சிலை நீட்டினாள். பார்க்கவில்லை என்று அவன் தன் கையால் எழுதினான்; எண்ணைக் கூவி, எழுதியதை வாய்விட்டும் சொன்னான்.

வெளியே சத்தம் நின்றது. வெப்பமானி மெல்ல ஏறியது. கடன் தீர்ந்தது என்று நினைத்தான்.

சற்றுத் தள்ளி, மூட்டத்துக்குள், அந்தக் குரல் அடுத்த கழிக்கு நகர்ந்திருந்தது.

"முப்பத்திரண்டு?"

நிவி நோட்டைப் பார்க்கவில்லை. யூலுட்டின் முகத்தைப் பார்த்தாள்.

இம்முறை அவளுக்கும் கேட்டிருந்தது.