கழுத்தோரப் புள்ளிகள்

வாயிலிருந்த எலுமிச்சை மிட்டாய் கரைந்து நெடுநேரமாகியும், சப்பும் ஓசை மட்டும் நிற்கவில்லை.

யோன்ஹ்வா காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். தென்கொரியாவின் தேகு நகர மருத்துவமனையில் ஈயக் கதவு போட்ட தனியறை. தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, எஞ்சிய நோயைக் கருக்கக் கதிரியக்க அயோடின் மாத்திரை விழுங்கியிருந்த அவளருகே ஒருவரும் வரக்கூடாது. சாப்பாட்டுத் தட்டை வைப்பவள்கூட வாசலோடு ஓடிவிடுவாள். ஆனால் படுக்கையில், அவள் முதுகுக்குப் பின்னால், மருந்து வாடைக்கு நடுவே, ஈரமாக, நிதானமாக, யாரோ சப்பிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் ஸ்கேன் மேசையில் படுத்தபோதுதான் உயிர் திரும்பியது.

"படம் சுத்தமா இருந்தா, வீட்டுக்குப் போய், அயோடின் இருக்குன்னு இத்தனை நாள் விலக்கி வெச்ச கடற்பாசி சூப்பை அண்டாவோட குடிங்கம்மா," என்றான் டெக்னீஷியன் ஜேஹுன்.

"இல்லன்னா?"

"பெரிய டோஸ். மறுபடி அதே ரூம். ஓசி ஓட்டல்னு நெனச்சுக்குங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அயோடின் சேர்ந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். அவள் கழுத்தின் இருபுறமும், பக்கத்துக்கு ஐந்தாக, கறுப்புப் புள்ளிகள். ஜேஹுன் கேலியை விட்டான். நோய் பரவிவிட்டதா? போனில் டாக்டரம்மாவிடம் பேசிவிட்டு வந்தான்.

"பயப்படாதீங்க. அந்த அயோடின் எச்சில்லயும் வரும், அதை வெளியேத்தத்தான் எலுமிச்சை மிட்டாய் கொடுத்தோம். தூக்கத்துல எச்சில் ஒழுகித் தோல்ல பட்டிருந்தாலும் இப்படித் தெரியுமாம். நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு, கவுனை மாத்திக்கிட்டு வாங்க. இன்னொருதரம் எடுத்துடலாம்."

கழுத்து சிவக்கச் சிவக்கக் கழுவினாள். பிடரியில் கை வைத்த இடமெல்லாம் பிசுபிசுத்தது. எலுமிச்சை மணத்தது.

மறுபடி மேசை. அசையாமலிருக்க இரு கைகளையும் இடுப்போடு பட்டையால் கட்டினான் ஜேஹுன். கண்ணாடிக்கு அப்பால் போய் உட்கார்ந்தான். அவள் தலைமாட்டுத் திரையில் பொட்டுப் பொட்டாகப் படம் ஊறியது.

கழுத்தில் ஒன்றுமில்லை.

"சுத்தம்மா!" ஒலிபெருக்கியில் அவன் குரல் துள்ளியது. "வீட்டுக்குக் கிளம்புங்க!"

அவள் கண்ணில் நீர் துளிர்த்தது.

"இருங்க... அம்மா, கையை மேல கொண்டு வராதீங்க. படத்துல விரல் விழுது."

அவள் கைகளை இழுத்துப் பார்த்தாள். பட்டை இறுகியது. இரண்டு கைகளும் இடுப்போரம்தான்.

"அம்மா, சொன்னாக் கேளுங்க. கையை எடுங்க!"

திரையில், தோளைத் தாண்டி அதே கறுப்புப் புள்ளிகள் ஏறின. தாடை. கன்னம். உதடு.

மேலுதட்டில் ஐந்து. கீழுதட்டில் ஐந்து.

இறுக மூடியிருந்த அவள் வாய், மெல்லத் திறந்தது.