மடங்காத காலுக்கு ஒரு சைக்கிள்

அண்ணனின் அறைக்கு வெளியே தட்டு இருந்தது. அதில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடந்தது.

"இன்னைக்கும் பாதிதானா?" என்று அம்மா கேட்டாள்.

தட்டு பதில் சொல்லுமா? சுண்டுதான் அதை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

சுண்டு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள் என்று அண்ணன் வைத்த பட்டப்பெயர். நிஜப் பெயர் என்னவென்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெயரை வைத்தவன் அவளைக் கூப்பிட்டுப் பல மாதங்கள் ஆகிவிட்டன.

எல்லாம் அந்த விபத்துக்குப் பிறகுதான். மேட்டுத் தெருவில் சைக்கிளில் இறங்கும்போது பிரேக் கம்பி அறுந்து, அண்ணன் சுவரில் போய் மோதினான். எலும்பு கூடிவிட்டது. இடது முழங்கால் மட்டும் பழையபடி மடங்கவில்லை. பயிற்சி கொடுக்க வந்த நர்ஸ் கடைசி நாளில் அந்தக் காலை மடக்கிப் பார்த்தார்.

"இவ்வளவுதான் வரும். இதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் நின்ற சுண்டு, அந்தக் கால் எவ்வளவு மடங்கியது என்பதைக் கண்ணால் அளந்து வைத்துக்கொண்டாள். அண்ணனோ அன்று அறைக்குள் போனவன்தான். அதன் பிறகு அவன் சாப்பிடுவதும் அங்கேதான்.

அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். விடிந்ததும் போனால் சாயங்காலம்தான் வருவாள். அன்று வந்ததும் வராததுமாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"லீவு முடிஞ்சு திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குது. அன்னைக்கு அவன் வரலேன்னா பேரை எடுத்துடுவாங்களாம்."

பள்ளி பாலத்துக்கு அப்பால் இருக்கிறது. நடந்து போக முடியாது. பஸ் படியோ உயரம், ஏறினாலும் கூட்டத்தில் காலை நீட்ட இடம் கிடைக்காது. அண்ணன் இனிமேல் அந்த அறையிலேயே இருந்துவிடுவானோ என்று சுண்டுவுக்குப் பயமாக இருந்தது.

மாடிப்படிக்குக் கீழே, விபத்தில் மோதிய அந்தச் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. ஒரு காலத்தில் மாமா மலைப்பாதையில் ஓட்டிய சைக்கிள் அது. தடித்த டயர், கனமான சட்டம். வயதில் அண்ணனுக்கே அண்ணன்.

"ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரர் வருவார். அந்தச் சனியனைத் தூக்கிப் போட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள் அம்மா.

சுண்டு யோசித்தாள். நடக்க முடியாதவன் வெளியே போகச் சக்கரம்தானே வேண்டும்? சக்கரம் வீட்டிலேயே இருக்கிறதே!

மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும் சைக்கிளை வெளியே இழுத்தாள். ஒரு சிலந்திக் குடும்பமே இறங்கி ஓடியது. மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தாள். செயின் கறுப்பாகவே இருந்தது. அவளும் அதே நிறத்துக்கு வந்துவிட்டாள்.

தெருமுனைச் சைக்கிள் கடையை நடத்தும் அக்காவுக்கு எப்போதும் அவசரம்.

"இது காயலான் கடைக்குப் போற வண்டி. இங்க எதுக்குக் கொண்டு வந்த?"

"எங்க அண்ணன் ஸ்கூலுக்குப் போகணும்க்கா."

அக்காவுக்கு விபத்து தெரியும். அந்தத் தெருவுக்கே தெரியும். அவர் மூலையில் கிடந்த பழைய சாமான்களைக் காட்டினார். "அங்க என்ன கிடக்குதோ எடுத்துக்க. இடத்தைத்தான் அடைக்குது. பிரேக் கம்பி மட்டும் ரெண்டும் புதுசா போட்டுடறேன். அதுல பழசு கூடாது."

அந்தக் குவியலிலிருந்து தார்ச்சாலைக்கு ஏற்ற வழவழப்பான டயர்கள் கிடைத்தன. மட்கார்டு, புத்தகப் பை வைக்க கேரியர், ஒரு பெல் எல்லாம் கிடைத்தன. மலை ஏறிய சைக்கிள் மெல்ல மெல்லப் பள்ளிக்கூடத்துச் சைக்கிளாக மாறியது.

சுண்டு சீட்டை உயர்த்தி, பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தாள். அவள் முகம் வாடியது. பெடல் மேலே வரும்போது முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டியிருக்கிறது! அண்ணனின் கால் அந்த அளவுக்கு வராது.

அவள் வீட்டுக்கு ஓடித் தன்னுடைய குட்டிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இதுல பெடலைப் பிடிச்சிருக்கிற கை குட்டையா இருக்குக்கா. குட்டையா இருந்தா வட்டமும் சின்னதாத்தானே வரும்? இடது பக்கத்துக் கையைக் கழட்டி அண்ணன் சைக்கிள்ல மாட்டுங்க."

"ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டையா? யாராவது இப்படி மாட்டுவாங்களா?"

"ஒரு பக்கம் மடங்கும், ஒரு பக்கம் மடங்காது. காலே அப்படித்தானே இருக்கு?"

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கருவியைத் தேடி எடுத்தார். மாட்டி முடித்ததும், "அப்போ உன் சைக்கிள்?" என்று கேட்டார்.

சுண்டு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"பெரிய பெடலை வீட்டில நீயே மாத்திக்க. எனக்குத் தலைக்கு மேல வேலை" என்று ஸ்பேனரைக் கையில் கொடுத்து அனுப்பினார் அக்கா.

குட்டிப் பெடல் அண்ணனின் பெரிய பாதத்துக்குப் பற்றாது. அதைக் கழற்றத்தான் வேண்டும். இரண்டு சைக்கிள்களையும் வீட்டுக்குத் தள்ளி வந்த சுண்டு, வாசலில் உட்கார்ந்து ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினாள், காலால் உதைத்தாள். திருப்பத் திருப்ப அது இறுகிக்கொண்டே போனது. ஸ்பேனர் வழுக்கி விரலில் தோல் கிழிந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்த அழுகையெல்லாம் அப்போதுதான் வெடித்து வந்தது.

"ஏய் சுண்டு!"

மூடிய அறையின் ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"அது இடது பெடல்டி! அதுக்கு மட்டும் மறை தலைகீழா இருக்கும். எதிர்ப்பக்கம் திருப்பு!"

சுண்டு எதிர்ப்பக்கம் திருப்பினாள். அவள் இறுக்கிய இறுக்கில் அது எப்படி நகரும்?

கதவு திறந்தது. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். தாடையெல்லாம் மெல்லிய தாடி. காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, ஸ்பேனரை வாங்கி ஒரே அழுத்து அழுத்தினான். பெடல் கழன்றது. அப்போதுதான் அந்தக் குட்டைக் கையைக் கவனித்தான். அவன் பார்வை, ஓரத்தில் ஒற்றைப் பெடலோடு நின்ற குட்டிச் சைக்கிள் மேல் போனது.

"நொண்டிக்கு எதுக்குடி சைக்கிள்?"

"நொண்டிக்குத்தான் வேணும். நடக்க முடிஞ்சவங்க நடந்து போயிடுவாங்களே!"

அண்ணன் பெரிய பெடலை மாட்டினான். இரண்டு பிரேக்குகளையும் பலமுறை அழுத்தி அழுத்திப் பார்த்தான்.

ஏறி ஓட்டினான். கால் சுற்றியது. விளக்குக் கம்பம்வரை போனவன், முகம் வெளிறி இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அன்று தட்டில் முழுச் சாப்பாடும் அப்படியே இருந்தது.

தான் அவனை இன்னும் நோகடித்துவிட்டோம் என்று சுண்டு நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளை வாசலுக்குத் தள்ளினாள்.

"அதை விடும்மா." கதவருகே அண்ணன் நின்றிருந்தான். "நாளைக்கு எனக்கு வேணும்."

"மறுபடியும் அதுல ஏறுவியா? என் உயிரே போயிடும்டா!"

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. வலிக்கவும் செய்யுது. ஆனா அந்த ரூம்ல இருக்கிறது அதைவிட வலிக்குது."

அம்மாவின் பிடி தளர்ந்தது. இரும்புக்காரர் வெறும் வண்டியோடு போனார்.

திங்கட்கிழமை அண்ணன் கிளம்பிப் போனான். அன்று அம்மா வேலைக்குப் போகவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். பள்ளி விடும் நேரம் வந்தது, தாண்டியும் போனது. ஏன்தான் அந்தச் சைக்கிளைத் தொட்டோமோ என்று சுண்டு நகத்தைக் கடித்தாள்.

அப்போது தெரு முனையில் பெல் சத்தம் கேட்டது. விடாமல், கேட்பவர் காது வலிக்கும்படி கேட்டது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அண்ணனின் தட்டை எடுத்தாள். பழக்க தோஷத்தில் அறைப் பக்கம் நடந்தவள், பாதியில் திரும்பி வந்து, சுண்டுவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.