செவிமாற்றியில் செத்த சொல்

காலை ஷிப்டில் குருவம்மா மாப்பைக் கையில் எடுத்ததுமே காதில் ‘தூ’ என்று விழுந்தது. யாரும் துப்பவில்லை. மேலாளர்தான் அவளைக் கூப்பிட்டார்.

ஒரகடத்து மின்கலத் தொழிற்சாலையில் ஒன்பது மாநிலத்து ஆட்கள். அவரவர் மொழியில் பேசுவார்கள். பேசுகிறவர் காதில் மாட்டிய செவிமாற்றி, தமிழரிடம் தமிழர் பேசினாலும், அதை ஆங்கிலமாக்கிக் கேட்கிறவர் காதுக்கு அனுப்பும். நான்கு வருடமாக எல்லாருக்கும் ஒரே ‘யூ’. மேலாளர் ஜெயசிங்குக்கு அது பொறுக்கவில்லை. தனக்கும் தரை துடைக்கிறவளுக்கும் ஒரே சொல்லா? அறுநூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தை ஏற்றச் சொன்னார். அதில் வினைச்சொல்லுக்கு விகுதியாக ஒரு வால் உண்டு, இன்று ஊமையாகிவிட்ட எழுத்தெல்லாம் வாய் திறந்து பேசும். அவருக்கு வேண்டியது அதுவல்ல. பெரியவருக்கு ‘யே’, சின்னவருக்கு ‘தூ’. நம் நீங்களும் நீயும்.

அதே ஆலையில் பொறியாளராக இருந்த குருவம்மாவின் மகள் மாரிச்செல்வி கொதித்தாள்.

“விடுடி. எனக்குப் பழகுனதுதான.”

“நாலு வருஷம் மனுஷியா இருந்தியே, அதுவும் பழகுனதுதான. அத ஏன் விடணும்?”

அந்த ஆங்கிலத்துக்கு என்ன ஆனதென்று தேடிப் படித்தாள். யாரை எப்படி அழைப்பதென்று தெரியாமல் ஜனங்கள் எல்லாருக்குமே மரியாதைச் சொல்லைக் கொடுக்க, மற்றது செத்துப்போயிருந்தது. செவிமாற்றியோ ஆலையின் பேச்சைக் கேட்டு வாராவாரம் தன்னைத் திருத்திக்கொள்கிற இயந்திரம். கேன்டீனில் விஷயத்தைச் சொன்னாள். மறுநாளிலிருந்து எண்ணூறு பேரும் யாரையும் நீ என்று சொல்லவில்லை. வெல்டர் தன் தம்பியை நீங்க என்றான். மக்கர் செய்த பம்பிடம், “கொஞ்சம் ஓடுங்க சார், கால்ல விழுறேன்” என்று கெஞ்சினார்கள். கேன்டீன் பூனைக்கும் ‘யே’. “சாப்ட்டீங்களாம்மா?” என்று மகள் கேட்டபோதுதான் குருவம்மாவுக்குக் கூச்சத்தில் சோறு இறங்கவில்லை.

எண்ணூறு வாய்க்கு முன்னால் ஜெயசிங் ஒரே ஒரு வாய். மூன்றாம் வாரம் ‘தூ’ வழக்கொழிந்தது என்று செவிமாற்றி தள்ளிவிட்டது. இங்கிலாந்தில் அதற்கு முன்னூறு வருடம் பிடித்தது.

அன்று மதியம் ஜெயசிங் குருவம்மாவிடம் நீ, உன்னை என்று கத்தினார். ஒவ்வொன்றும் ‘யே’ என்றே அவள் காதில் விழுந்தது. சிரித்துவிட்டாள்.

அவர் செவிமாற்றியைப் பிடுங்கி மேசையில் எறிந்தார். வேலை நேரத்தில் கழற்றக் கூடாதென்ற உத்தரவில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். அவள் காதில் இயந்திரம் மௌனமானது. சொந்த வாயால், சுத்தத் தமிழனாகச் சொன்னார்: “நீ இங்க வா.”

குருவம்மாவும் தன்னுடையதைக் கழற்றினாள். இருபத்தெட்டு வருட வேலையில் எந்த அதிகாரியிடமும் பேசாத விதத்தில் பேசினாள்.

“சொல்லு. உனக்கு என்ன வேணும்?”