பளு ஏறாத முட்டுகள்

சுரங்கத்தில் முட்டு மரத்தைச் சுத்தியலால் தட்டினால் அது பதில் சொல்லும். கூரையின் பளு ஏறிய மரம் கணீரென்று கேட்கும். ஏறாதது பொத்தென்று கேட்கும். இருபது வருடமாக முட்டு கொடுக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் தூக்கத்திலும் தெரியும்.

இன்று முதல் மரம் பொத்தென்றது. இரண்டாவதும். மூன்றாவதன் தலையில் இருந்த ஆப்பு, விரல் பட்டதுமே காலடியில் விழுந்தது.

அவன் பாதை தொடங்கும் முனைக்குப் போய் மேலே ஃபோன் செய்தான்.

"மேஸ்திரி, வரிசை பூரா லூஸா கெடக்கு. கூரை மரத்து மேல உக்காரவே இல்ல."

"ஏன், உன் தலை மேல உக்காரணுமா?" மேஸ்திரி சிரித்தார். "ஆப்ப இறுக்கிட்டு வாப்பா. துணைக்கு ஆள் கேக்காத. அங்க உன்னத் தவிர எவன் வருவான்?"

எவனும் வரமாட்டான். பதினோரு நாளுக்கு முன் இதே பாதையின் கோடியில், அவன் பழைய முட்டுகளை அடித்து எடுக்கும்போது கூரை இறங்கி, அவன் மச்சினன் உள்ளே மாட்டிக்கொண்டான். உடல் கிடைக்கவில்லை. முட்டு மரத்தை அடிக்கும் முன் உள்ளே இருப்பவனைக் கூப்பிட வேண்டும். அவன் வெளியே வந்த பிறகுதான் அடிக்க வேண்டும்.

"என் தம்பியக் கூப்பிட்டுட்டுத்தான அடிச்சீங்க?" என்று மனைவி ஒரே ஒரு முறை கேட்டாள்.

"ரெண்டு தடவ கூப்பிட்டேன்."

ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து அவள் அவனோடு பேசுவதில்லை.

திரும்ப உள்ளே நடந்தான். எங்கோ நீர் சொட்டும் ஓசையும், ஈர மரத்தின் புளித்த வாடையும், தொப்பி விளக்கின் வெளிச்சத்தில் மிதக்கும் கரித்தூளும் தவிர வேறு எதுவும் இல்லாத அந்தப் பாதையில், மரத்துக்கும் கூரைக்கும் நடுவே முதலில் ஒரு விரல் இடைவெளி தெரிந்தது, பிறகு இரண்டு விரல். கூரையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை விரிசல். விழுந்திருக்க வேண்டிய பாறை. விழவில்லை.

அப்படியானால் எதன் மேல் நிற்கிறது?

கிராம்பு வாடை. மச்சினன் எப்போதும் கிராம்பு மெல்லுவான்.

கோடியில் சரிந்த பாறைக் குவியல். அதன் முன்னால் இரண்டு பூட்ஸ். மடங்கிய முழங்கால். மார்போடு அழுந்திய முகவாய். மேலே தூக்கிய இரண்டு கைகள், மணிக்கட்டுவரை கூரைக்குள்.

"கூப்பிடுங்க மாமா. கூப்பிட்டா வந்துடுறேன்."

அவன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"தோள் விட்டுப்போச்சு மாமா."

வலது கை மெல்லக் கீழே இறங்கியது.

அவனுக்குப் பின்னால், பாதை முனையில், யாரும் தட்டாமலே முதல் மரம் கணீரென்றது. பிறகு இரண்டாவது. பிறகு அதற்கு அடுத்தது.